கேசட்டின் இரண்டாம் பக்கம்

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னாள் அம்மா. உள்ளே பதினொரு ஆடியோ கேசட்டுகள். எல்லாம் அறுபது நிமிட கேசட். மேலே பால்பாயின்ட் பேனாவில் தேதி மட்டும், அப்பாவின் கையெழுத்தில். முதல் கேசட் 1992, கடைசி 1999.

"அப்பா குரல் இதுலதான் இருக்கு தம்பி. போன்ல ஏத்திக் குடு."

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேலை நெதர்லாந்தில், ஐண்ட்ஹோவன் நகரத்தில். கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது எனக்கு ஒரு விஷயமே இல்லை என்றுதான் நினைத்தேன். பட்டுக்கோட்டையில் ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் ஒரு ரேடியோ மெக்கானிக் தன் சொந்த டூ இன் ஒன்னைக் கொடுத்து, "பெல்ட்டு புதுசு, பாத்து" என்றார். கேசட்டை வேகமாக நகலெடுக்கக் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிடம் ஓடினால்தான் அறுபது நிமிடம் பதிவாகும். பதினொரு கேசட், பதினொரு மணி நேரம். அந்தப் பதினொரு மணி நேரத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

*

அப்பா 1991-இல் சவூதி அரேபியா போனார். தம்மாமில் ஏசி மெக்கானிக். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஒரே சமயத்தில் சாலை, துறைமுகம், நகரம் எல்லாம் கட்ட ஆரம்பித்தன. ஆள் தேவைப்பட்டது. கேரளத்துக்கு அடுத்து, நம் கீழைக் கடற்கரை மாவட்டங்களில் இருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் இப்படிப் போகிறவர்களுக்கு 'சபுராளி' என்று தனிச் சொல்லே உண்டு. அவர்களைப் பார்த்து எங்கள் தெருவும் கிளம்பியது.

போனவர்கள் முதல் விடுமுறையில் திரும்பி வரும்போது கொண்டு வந்த சாமான்களில் முக்கியமானது டேப் ரெக்கார்டர். பாட்டுக் கேட்கத்தான் வாங்கினார்கள். ஆனால் அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. வீட்டில் ஒன்று, அங்கே அறையில் ஒன்று என்று இரண்டு இருந்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடிதம் போடலாம்.

கேசட் கடிதம் எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் காம்பாக்ட் கேசட்டை வெளியிட்டது 1963-இல். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக முதலில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அந்த அளவுக்குள் கருவியை அடக்கச் சொன்னவர். அது பையில் அடங்கியதால்தான் பயணியின் பெட்டியிலும் அடங்கியது. பிரிட்டனுக்குக் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்கள், அறுபதுகளில் இருந்து எண்பதுகள் வரை, ஊரோடு கேசட்டில் பேசிக்கொண்டிருந்தன. அவர்கள் பேசிய போட்வாரி மொழியை அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. வாஜித் யாசீன் என்ற ஒலிக்கலைஞர் அந்தக் கேசட்டுகளைத் தேடித் திரட்டி 'டேப் லெட்டர்ஸ்' என்ற பெயரில் ஆவணப்படுத்தியிருக்கிறார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். யாராவது விடுமுறையில் வரும்போது அப்பா கேசட் கொடுத்தனுப்புவார். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். அப்பா வயது வரிசைப்படி பேசுவார்: முதலில் அப்பாயி, பிறகு பெரியப்பா, சித்தப்பா, அத்தை. அதற்குப் பின் நானும் தங்கச்சியும். கடைசியாக அம்மாவுக்கு, "எல்லாரையும் பாத்துக்க" என்று ஒரு வரி. அடுத்த சபுராளி கிளம்பும்போது அதே கேசட்டில், அதே குரலின் மேல், நாங்கள் பதில் பேசி அனுப்புவோம். அப்பாயி அதைப் போன் என்றே நினைத்தாள். "கேக்குதாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள். சித்தப்பா, புது ஆத்தில் தண்ணி வந்ததையும் குறுவை நட்டதையும் சொல்வார். நான் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பேன்.

பதில் ஏறினால் கேள்வி அழியும். எங்கள் குடும்பத்தின் உரையாடல் தன்னைத்தானே தின்றபடி நடந்தது. அப்படியென்றால் இந்தப் பதினொன்று எப்படி மிஞ்சின?

அம்மாவிடம் கேட்டேன். "அத நான் திருப்பி அனுப்பல" என்றாள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காது உடைக்கப்பட்டிருந்தது. அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்திலேயே கோப்புக்கு எழுத்துத் தடை போட்டு வைத்திருக்கிறாள்.

*

பிரிந்திருக்கும் குடும்பம் அன்றாடத்தைப் பகிர்ந்துகொள்வதன் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். கடிதம், தந்தி, தொலைபேசி, இணையம். கேசட்டுகளோடு உட்கார்ந்திருந்தபோது இன்னொரு கேள்வி வந்தது. இருவர் பேசிக்கொள்ளும்போது கூட இருந்து கேட்ட மூன்றாமவர் யார்?

தமிழர்களுக்குத் தெரிந்த மிகப் பிரபலமான பிரிவு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். மாமியார் கோமளத்தம்மாளின் பொறுப்பில் விட்டுப் போனார். அங்கிருந்து தபால் வந்தது, இங்கிருந்தும் போனது. ஊறுகாயும் பொடியும்கூடக் கடல் தாண்டின. ஆனால் ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியாரைத் தாண்டவில்லை என்கின்றன ராமானுஜனின் வாழ்க்கை வரலாறுகள். அவள் ஏன் எழுதவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் ஏன் பதில் போடவில்லை என்று அவளுக்கும் தெரியவில்லை. 1919 மார்ச்சில் அவர் பம்பாயில் இறங்கியபோது அம்மாவும் தம்பியும் நின்றிருந்தார்கள். ஜானகி இல்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் ராமானுஜன் இறந்துபோனார். ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

ஐந்து வருடப் பிரிவில் பாதை சரியாகத்தான் இருந்தது. கப்பல் ஓடியது, தபால்காரர் வந்தார். போர்க்காலத்தில்கூடக் கேம்பிரிட்ஜுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே கடிதம் போய்ச் சேர முடிந்தது. சேராத தூரம், அடுப்படியிலிருந்து தெருவாசல் வரை.

இந்தியாவில் 1854-இல் தூரத்தைப் பார்க்காமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்ற தபால் முறை வந்தது. 1879-இல் காலணா போஸ்ட் கார்டு. ஏழைக்கும் கைக்கெட்டிய முதல் தொலைத்தொடர்பு இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அது திறந்த கடிதம். தபால்காரர் படிக்கலாம். படிக்கத் தெரியாத வீட்டில் அவர்தான் படித்தே ஆகவேண்டும். இலங்கைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் வீடுகளில் கடிதம் வந்தால் யாரோ ஒருவர் வாசிக்க வேண்டும், யாரோ ஒருவர் எழுதித்தர வேண்டும். 1880-இல் வந்த மணியார்டர் படிவத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இடம் விட்டிருந்தார்கள். பணத்தோடு வந்த அந்த நாலு வரிதான் பல வீடுகளில் மொத்தக் கடிதமும்.

யாரோ எழுதி யாரோ வாசிக்கும் கடிதத்தில் என்ன சொல்ல முடியும்? 'இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமறிய ஆவல்.' கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் படிக்கும்போது, இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும் முன் பரிமாறிக்கொள்ளும் வெற்றுப் பொட்டலங்களைப் பற்றிப் பேராசிரியர் சொன்னார். அதில் தகவல் எதுவும் இருக்காது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பது மட்டும்தான். எனக்கு அது உடனே புரிந்தது. அப்பாயிக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்தன.

*

தொலைபேசி வந்ததும் மூன்றாமவர் போய்விட்டாரா? டிரங்க் கால் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடக் கணக்கு. நடுவில் ஆபரேட்டர். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக எண் சுழற்றும் எஸ்டிடி முதலில் வந்தது. எண்பதுகளின் பின்பாதியில்தான் மஞ்சள் போர்டு வைத்த பூத்துகள் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன.

எங்கள் வீட்டில் 1999 வரை போன் இல்லை. பிபி நம்பர்தான். மூன்று வீடு தள்ளி ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டு எண். அப்பா வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், கூப்பிடுவார். தம்மாமில் காலை பத்து என்றால் எங்களுக்குப் பன்னிரண்டரை. மில்காரர் வீட்டுப் பையன் ஓடி வந்து, "சவூதிலேர்ந்து போன்" என்று கத்துவான். அந்தச் சத்தத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்பாயி முதலில் பேசுவாள். அம்மாவின் கைக்கு ரிசீவர் வரும்போது அரை நிமிடம் மிச்சம் இருந்தால் அதிகம். மில்காரர் சாய்வு நாற்காலியில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். எழுந்து போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அம்மா "ம்" என்பாள். "ம், சரிங்க" என்பாள். வைத்துவிடுவாள்.

எழுபதுகளின் கடைசியில் மலையாளத்தில் ஒரு பாட்டு பரவியது. எஸ். ஏ. ஜமீல் எழுதிய 'துபாய் கத்துப் பாட்டு'. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம்தான் பாட்டு. அவள் தன் தனிமையை, உடம்பின் தனிமை உட்பட, ஒளிக்காமல் சொல்கிறாள். கணவன் எழுதும் பதிலாக ஜமீல் இன்னொரு பாட்டும் எழுதினார். கேரளத்தில் வீடு வீடாக அது ஒலித்தது. அந்தப் பெண்கள் தங்கள் கடிதத்தில் எழுத முடியாததைப் பாடகர் பாடினார், அவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். தமிழில் நமக்கு அதற்கு இணையாக ஒரு பாட்டு எனக்குத் தென்படவில்லை. எங்கள் தெருவில் வளைகுடாவுக்குக் கணவனை அனுப்பிய பெண்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒருவரும் பதிந்து வைக்கவில்லை.

*

1996 என்று எழுதியிருந்த கேசட்டின் முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அப்பாயியிடம், "நா நல்லா இருக்கேன், வேலயெல்லாம் லேசுதான்" என்கிறார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுப் பேசுறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாரத்திலிருந்து விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த விஷயம் எனக்குத் தெரியும். அடுத்த விடுமுறையில் வந்தபோதுதான் சொன்னார், அதுவும் கொஞ்சம் நொண்டியதால்.

"அப்பவே தெரியுமா?"

"எப்பவும் பின்னாடி ஏசி கொர்ருன்னு ஓடும். இதுல அது இல்ல. யாரோ இருமிக்கிட்டே இருக்காங்க பாரு. அப்பறம் அவரு மூச்சு. படுத்துருந்தா அப்டித்தான் இழுப்பாரு."

திரும்ப ஓட்டிக் கேட்டேன். இருமல் கேட்டது. தூரத்தில் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம். அம்மா அதை 1996-இல் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாயி தாங்க மாட்டாள்.

என் தொழில் சார்ந்து இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கேசட் மட்டமான கருவி. உஸ்ஸென்ற இரைச்சல் அதன் கூடப் பிறந்தது. ஆனால் அது எதையும் வடிகட்டாது. பேச்சு, விசிறி, இருமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும். இன்றைய இணைய அழைப்பு அப்படி இல்லை. மனிதக் குரல் எது, பின்னணி எது என்று மென்பொருள் கணித்து, பின்னணியை அமுக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. நல்ல வசதிதான். ரயில் நிலையத்தில் நின்று பேசினாலும் வீட்டில் இருப்பதுபோல் கேட்கும். அப்பா இன்று விழுந்திருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

*

2003-இல் ஸ்கைப், 2009-இல் வாட்ஸப். 2013 ஜூலையில் இந்தியா தந்தியை நிறுத்தியபோது நான் கடைசித் தந்தி ஒன்று அனுப்ப நினைத்து, அனுப்பாமல் விட்டேன். இப்போது எங்கள் குடும்பக் குழுவில் இருபத்து மூன்று பேர். காலையில் அம்மாவின் கோலம், சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி மகளின் ஸ்கூல் யூனிஃபார்ம், பெரியப்பாவின் திருச்செந்தூர்ப் பயணம், நான் சைக்கிளில் போன கால்வாய்க் கரை. அப்பா எட்டு வருடத்தில் சொன்னதைவிட அதிகமாக நான் ஒரு மாதத்தில் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் வாட்ஸப் எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யத் தொடங்கியது. நிறுவனமே நினைத்தாலும் படிக்க முடியாது. தபால்காரர், ஆபரேட்டர், மில்காரர் எல்லாரும் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். அரசுகளுக்கு இது பிடிக்கவில்லை என்பது வேறு கதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப் அழைப்பைப் பல ஆண்டுகளாக அடைத்தே வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் வேறு செயலியில்தான் வீட்டு முகம் பார்க்கிறார்கள். ஆனால் இந்த மறையாக்கத்துக்கு உள்ளே, குழுவில், பெரியப்பா உட்கார்ந்திருக்கிறாரே? குழு என்பது எங்கள் திண்ணைதான். அங்கே என்ன பேசலாம் என்பதும் மாறவில்லை. இங்கு அனைவரும் நலம்.

இரண்டு வருடம் முன்பு, அப்பா இறந்த சில மாதங்களில், எனக்கு வேலை போயிற்று. விசாவுக்குக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. நான் குழுவில் புரூஜ் நகரத்துப் படம் ஒன்றைப் போட்டேன். முந்தின கோடையில் எடுத்தது. எல்லாரும் இதயம் போட்டார்கள். அன்றிரவு அம்மா தனியாகக் கூப்பிட்டாள்.

"தை மாசத்துல அங்க மரத்துல எல இருக்குமா தம்பி?"

நான் ஏதோ சமாளித்தேன். அவள் மேலே கேட்கவில்லை. "சாப்டியா" என்றாள். இரண்டு மாதம் கழித்து வேலை கிடைத்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கீரை ஆய்ந்தபடி அவள் ஏசி சத்தத்தைப் பற்றிச் சொன்ன அன்று விளங்கியது. எட்டு வருடம் பயிற்சி எடுத்த காதும் கண்ணும் அவை.

*

கேசட்டுக்குள் ஓடும் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதில் பாதி முதல் பக்கத்துக்கு, மீதிப் பாதி இரண்டாம் பக்கத்துக்கு. திருப்பிப் போடுவதால் நமக்குத் தனித்தனியாகத் தோன்றுகிறதே தவிர, இரண்டு பேச்சும் ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிர்த் திசையில் படுத்திருக்கின்றன.

அப்பா எப்போதும் முதல் பக்கத்தோடு முடித்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பக்கத்தைப் போட்டால் வெறும் இரைச்சல். சின்ன வயதில் நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, காலி என்று அணைத்துவிடுவோம். இருந்தாலும் முழுசாக இருக்கட்டும் என்று 1993 கேசட்டின் இரண்டாம் பக்கத்தையும் ஓடவிட்டேன், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு. திரையில் ஒலி அலை ஒரே கோடாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நிமிடம், ஏழு நிமிடம், பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்தில் கோடு எழுந்தது. சின்னச் சின்ன மேடுகள், நடுவில் இடைவெளி, திரும்பவும் மேடு. பேச்சின் வடிவம் எனக்குத் தெரியும். யாரோ தாழ்ந்த குரலில் பேசுகிறார்.

பத்து நிமிட மௌனத்தை வேண்டுமென்றே பதிந்திருக்கிறார். திண்ணைக் கூட்டம் பொறுமை இழந்து எழுந்து போகும் அளவுக்கு. அதற்குப் பிறகு இருப்பது கேட்க வேண்டியவருக்கு மட்டும். ரகசியச் செய்தியை இன்னொரு கோப்புக்குள் ஒளித்து வைக்கும் நுட்பத்தை நான் முதுகலையில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். தம்மாமில் ஆறு பேர் தங்கிய அறையில், மற்றவர்கள் தூங்கும் நேரம் பார்த்து, பத்தாம் வகுப்பு முடிக்காத ஒரு ஏசி மெக்கானிக் அதைச் செய்திருக்கிறார்.

அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. திரையில் எழுந்து விழும் கோட்டைப் பார்த்தாள்.

"அங்க நிறுத்து தம்பி."

நிறுத்தினேன். "இந்தப் பக்கமெல்லாம் வேணாம். அந்தப் பக்கம் மட்டும் ஏத்திக் குடு."

நான் படித்த பொறியியல் எனக்குள் துடித்தது. நாடாவின் மேல் பூசிய இரும்புத் தூள் உதிரும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஏற்கெனவே முப்பது வருடம் தாண்டிவிட்டது. "நான் கேக்க மாட்டேம்மா. ஒரு பென் டிரைவ்ல போட்டு உன்கிட்டயே குடுத்துர்றேன்" என்றேன்.

"அது போயிருமா?"

"கொஞ்ச வருஷத்துல போயிரும்."

"போவட்டும். எனக்கு மனப்பாடம்."

பதிவான பதினோரு நிமிடத்தையும் அவள் கண் முன்னாலேயே அழித்தேன். மற்ற கேசட்டுகளின் முதல் பக்கம் மட்டும் மாற்றினேன். அது முடிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. குழுவில் போட்டோம். பெரியப்பா அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கேசட்டுகள் திரும்பவும் பிஸ்கட் டின்னுக்குள் போயின. இந்தமுறை டின்னைப் பரணில் ஏற்றச் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ மெக்கானிக்கிடம் பேசி அந்த டூ இன் ஒன்னை விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐண்ட்ஹோவன் திரும்பியதில் இருந்து குழுவில் படம் போடுவதைக் குறைத்திருக்கிறேன். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை, நடந்துகொண்டே, கைப்பேசியின் சாதாரண ரெக்கார்டரில் பேசி, அந்தக் கோப்பை அம்மாவுக்கு மட்டும் அனுப்புகிறேன். காற்று, சைக்கிள் மணி, என் மூச்சு எல்லாம் இருக்கும். போன வாரம் பதில் வந்தது, ஒரே வரி.

"குளிருல தொப்பி போடாம நடக்காத."

நான் தொப்பியைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.